தறிச்சத்தத்துக்கு நடுவே

வீட்டுக் கணினிக்குக் குறைந்த விலையில் ஒரு கேமிங் ஹெட்செட் வாங்கப் போகிறவருக்கு அதன் அட்டைப்பெட்டி மூன்று கணக்குகளைச் சொல்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் நாற்பது மில்லிமீட்டரா ஐம்பதா, பாஸ் எவ்வளவு அதிரும், 7.1 சரவுண்டு உண்டா. ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் விற்கும் பொருள்களில் பெரும்பாலானவை இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்வதால், இவற்றை வைத்து ஒன்றை எடுத்து ஒன்றைத் தள்ளுவது கடினம். வேறு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் ஒரு வட்டாரம் நூறாண்டாக எப்படிக் கேட்டு வந்திருக்கிறது என்பதில் கிடைக்கும் என்பது என் கட்சி. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அவற்றைச் சுற்றிய வானம் பார்த்த பூமியும் ஒலியைப் பொதுவில் கேட்டுப் பழகியவை. பிறகு அதில் ஒரு பகுதி விசைத்தறியின் இரைச்சலில் கேட்கும் சுகத்தையே இழந்தது. இந்த மண்ணுக்கு ஹெட்செட் பாட்டுப் பெட்டியின் வாரிசாக வரவில்லை. பேச்சு போகவும் பதில் பேச்சு வரவும் ஒரு வழியாக வந்திருக்கிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது மைக்கை. அடுத்து, காதை அது எப்படி மூடுகிறது என்பதை. பிறகு, கரிசல் கோடையை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை. பாஸ் கடைசியில் வரட்டும்.

குழாயிலிருந்து தொடங்க வேண்டும். தென்மாவட்டங்களில் ஒலிபெருக்கி வைப்பதற்குக் 'குழாய் கட்டுவது' என்றும் 'ரேடியோ செட் போடுவது' என்றும் பெயர். கோயில் கொடை, காதுகுத்து, சடங்கு, தேர்தல் என்று எது வந்தாலும் மைக்செட்காரர் வந்து வேம்பிலோ கம்பத்திலோ கூம்புக் குழாயைக் கட்டிய பிறகுதான் விசேஷம் ஊருக்குத் தெரியும். கரிசல் தட்டையான நிலம். மலை மறிப்பதில்லை. பகலெல்லாம் காய்ந்த தரை இரவில் சீக்கிரம் குளிர்ந்துவிட, தரையை ஒட்டிய காற்று குளிராகவும் மேலே இருப்பது வெப்பமாகவும் ஆகிறது. மேலே ஏறும் ஒலி அப்போது கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். மூன்றாவது ஊர்ப் பாட்டு ராத்திரியில் துல்லியமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். ஆனால் அந்தக் குழாயில் எந்த ஒலி போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். சிறிய சவ்வு ஒன்றை நீண்ட கூம்பின் கழுத்தில் வைத்துச் செய்த கருவி அது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தடித்த ஒலியை அதனால் தள்ள முடியாது. மிக மெல்லிய கீச்சொலியும் அதில் சரியாக வராது. நடுப்பகுதியைத்தான் அது வீசி எறியும். டெலிபோன்காரர்கள் பேச்சுக்குப் போதும் என்று வைத்துக்கொண்ட எல்லை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ்; குழாயின் பலமும் ஏறக்குறைய அங்கேதான். 1977-இல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சர் ஆனார். 1967 ஜனவரி 12-ஆம் தேதி கழுத்தில் பாய்ந்த குண்டு அவருடைய பேச்சைக் குழறச் செய்திருந்தது. அந்தக் குரல் கூட்டங்களில் மக்களைச் சேர்ந்ததும் குழாய் வழியாகத்தான். பாஸ் என்ற ஒன்றே இல்லாமல் அரை நூற்றாண்டு காலம் இந்த வட்டாரம் அரசியலும் வசனமும் பாட்டும் கேட்டுப் புரிந்துகொண்டது. பேச்சு புரிவதற்கு எந்த அலைவரிசை வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் நடந்திருக்காது.

ரேடியோவும் இங்கே பொதுச் சொத்தாகவே வந்தது. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927-இல் நின்றது. அதன் கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடங்கி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்க வைத்தது. வானொலி நிலையம் 1938-இல் சென்னைக்கும் 1939-இல் திருச்சிக்கும் வந்தது. கிராமங்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தபோதும் முறை மாறவில்லை: பெட்டி ஒரு அறைக்குள், குழாய் வெளியே, ஆட்கள் திண்ணையிலும் மரத்தடியிலும். வால்வு செட்டின் விலையும், அதற்கு வேண்டிய மின்சாரமும் அல்லது பேட்டரியும், தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய லைசென்ஸ் பணமும் சேர்ந்து, மானாவாரி விவசாயியின் வீட்டுக்குள் ரேடியோ போகாமல் தடுத்தன. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அது வீட்டுக்கும் தறிமேடைக்கும் வந்தது. அப்போது கரிசல் திரும்பியது கொழும்பின் பக்கம். 1925-இல் தொடங்கிய கொழும்பு வானொலி, இரண்டாம் உலகப் போருக்காக நேசநாட்டுப் படை அங்கே நிறுவிய பெரிய ஒலிபரப்புக் கருவியைப் போர் முடிந்ததும் பெற்றது. 1950-இல் வர்த்தக சேவை தொடங்கியது. உப்புநீரின் மேல் மத்திய அலை தேயாமல் வரும். மன்னார் வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பக்கத்து வீட்டுக் குரலானார்கள். நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதிப்போட்டு, தன் பெயர் வருமா என்று காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காத்திருப்பில் இருந்த ஏக்கம் வெறும் பாட்டுக்கான ஏக்கமாக எனக்குப் படவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் பதில் சொல்லவும் விரும்பினார்கள்; அதற்கு அவர்களிடம் இருந்த ஒரே மைக் தபால் அட்டைதான்.

தறிக்கு வருவோம். அருப்புக்கோட்டை நெசவூர். தேவாங்கர், சாலியர் முதலிய நெசவுச் சமூகங்கள் வீட்டுக்குள்ளேயே குழி தோண்டித் தறி பூட்டிப் பருத்திச் சேலை நெய்த ஊர். குழித்தறிக்கும் சத்தம் உண்டு. நாடா ஓடுவதும் பலகை அடிப்பதும் ஒரு தாளம்போல விழும். அந்தத் தாளத்துக்கு இடையில் பேசலாம், பாடலாம், விட்டத்தில் தொங்கும் டிரான்சிஸ்டரைக் கேட்கலாம். விசைத்தறி வந்ததும் அந்த இடைவெளி போயிற்று. மோட்டார் ஓட, நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறை நாடா அடித்துத் தள்ளப்பட்டு எதிர்ப்பெட்டியில் மோதுகிறது. ஒரு கொட்டகையில் நான்கு தறி ஓடினால் சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். இரண்டடி தூரத்தில் நின்று பேசுபவரின் குரல் 65 டெசிபல் அளவில்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், தறிக்காரர்கள் ஏன் கையசைத்துப் பேசுகிறார்கள் என்பதும், ஓய்வு நேரத்திலும் ஏன் உரக்கப் பேசுகிறார்கள் என்பதும் விளங்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்து, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கின்றன. குழாய்க்கு அந்த விதியை நினைவூட்டப் போலீஸ்காரர் வருவார். வீட்டோடு ஒட்டிய தறிக்கு வருகிறவர் யார்? தறி பிழைப்பு, அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இதனால் நெசவுத் தெருக்களில் ரேடியோ கேட்கும் பழக்கத்தை டெலிவிஷன் மட்டும் தின்றுவிடவில்லை; தறியும் தின்றது. குண்டாற்றங்கரையில் இருக்கும் திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர் பேசாமல் இருப்பதையே உபதேசமாக்கியவர். அந்த மண்ணிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பேசினாலும் கேட்காத தெருக்கள் உண்டாயின. இந்தத் தெருக்களில்தான் இன்றைக்குப் பிள்ளைகள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி ஹெட்செட்டின் பிறப்பைப் பார்க்கலாம். அதற்கு இரண்டு குலம். ஒன்று, ஏழையின் ரேடியோ. 1920-களில் வால்வு வாங்க முடியாதவர்கள் கலீனா என்ற ஈயக்கல்லில் மெல்லிய கம்பி முனையைத் தொடவைத்து ஒலிபரப்பைப் பிடித்தார்கள். அந்தக் கல்லை அலை உணரியாகப் பயன்படுத்தும் முறைக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். பேட்டரியே வேண்டாத அந்தப் பெட்டிக்கு ஒலியைப் பெருக்கும் சக்தி கிடையாது. அதனால் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்க முடியும். ஆகவே ஹெட்போன் ஆடம்பரமாகப் பிறக்கவில்லை, ஒலிபெருக்கி வாங்க வழியில்லாததால் வந்தது. சென்னையின் நிலையத்துக்கு வெகுதூரத்தில் இருந்த கரிசலுக்கு அந்தக் கல் ரேடியோ உதவியிருக்காது. அதனால்தான் நம் பக்கம் காதுக்குள் கேட்பதற்கு முன்னால் ஊரோடு கேட்பது வந்தது. இன்னொரு குலம், டெலிபோன் ஆப்பரேட்டருடையது. 1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் திறந்தன. இரண்டு கையும் வயர் மாற்றிச் செருகுவதில் இருக்கும் ஆப்பரேட்டருக்குக் காதில் ஒன்றும் வாயருகில் ஒன்றுமாகக் கருவி தேவைப்பட்டது. இன்றைக்கும் இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் 6.35 மில்லிமீட்டர் பின், அந்த ஆப்பரேட்டர் பலகையில் செருகப் பிறந்தது. நம் கணினியில் செருகும் 3.5 மில்லிமீட்டர் பின் அதன் குட்டி. 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் தன் சமையலறையில் செய்த இரட்டைக் காதுக்கருவியை வாங்கியது கடற்படை, பாட்டுக்காக அல்ல, செய்திக்காக. 1969-இல் நிலவிலிருந்து ஆம்ஸ்ட்ராங் பேசியது பிளான்ட்ரானிக்ஸ் ஹெட்செட்டில்.

பாட்டுக்கான ஹெட்போன் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. ஜான் காஸ் 1958-இல் ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1979 ஜூலையில் சோனியின் வாக்மேன் வந்தது. அந்த முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் செருகும் துளைகளும், பொத்தானை அமுக்கினால் பாட்டு தணிந்து இருவரும் பேசிக்கொள்ள ஒரு மைக்கும் இருந்தன. தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படுமோ என்ற தயக்கம் அதை வடிவமைத்தவர்களுக்கே இருந்தது. பிறகு வந்தவற்றில் அந்தப் பொத்தான் காணாமல் போயிற்று, காது தனிமையாயிற்று. நம் வட்டாரத்துக்கு வாக்மேன் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வந்தவர்களின் பெட்டியில் வந்த சாமான். அதனால் ஹெட்போன் என்றாலே பாட்டு, பாட்டு என்றாலே பாஸ் என்ற நினைப்பு வேரூன்றியது. கேமிங் ஹெட்செட்டை அந்தக் கண்ணால் பார்ப்பதுதான் பிழை. 2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஆட்டக்காரர்களை இணையத்தில் சேர்த்தபோது, அந்தத் தொடக்கப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது ஒரே ஒரு காதில் மாட்டும் மைக் கருவி. ஆட்டத்தின் சத்தம் டிவியில் வரும். கூட்டாளியின் பேச்சு காதில் வரும். கேமிங் ஹெட்செட்டைப் பெரும் கூட்டத்துக்குப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, அதில் பாஸுக்கு இடமே இல்லை. ஹெச்.பி. நிறுவனம் 2021-இல் கேமிங் ஹெட்செட் செய்யும் ஹைப்பர்எக்ஸை வாங்கி, 2022-இல் பிளான்ட்ரானிக்ஸின் வழிவந்த பாலியையும் வாங்கியது. ஆப்பரேட்டர் ஹெட்செட்டும் ஆட்டக்காரன் ஹெட்செட்டும் ஒரே கூரையின் கீழ் வந்ததில் எனக்கு வியப்பில்லை, அவை பங்காளிகள்.

இந்த ஊர்களுக்குக் கணினி ஆட்டம் வந்த வழியும் இதையே சொல்கிறது. முதலில் பிரவுசிங் சென்டர். அங்கே கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததால் கத்தினாலே போதும், ஹெட்செட் தேவைப்படவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான கிராமத்து வீடுகளுக்கு முதன்முறையாகக் கணினி போனது. அதற்குப் பிறகு வந்த மலிவான இணையம், ஒரே அறையில் இருந்த ஆட்டக்காரர்களைப் பந்தல்குடியிலும் பரமக்குடியிலும் கோயம்புத்தூரிலுமாகப் பிரித்து உட்கார வைத்தது. 2015-இல் வந்த டிஸ்கார்ட் போன்ற செயலிகள் அவர்களை மறுபடி ஒரு திண்ணையில் கூட்டின. கத்திப் பேசியவர்கள் அந்தப் பேச்சைத் தொடர்வதற்கே மைக் வாங்கினார்கள். 2020-இல் பள்ளி, கல்லூரி வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது அதே மைக்கில்தான் பிள்ளைகள் "பிரசன்ட் மிஸ்" என்றார்கள். கரிசலின் நூறாண்டுக் கேள்விச் சரித்திரத்தில் இது புதிது. குழாய் பேசியது, ஊர் கேட்டது. கொழும்பு பேசியது, ஊர் கேட்டது. டிவி பேசியது, வீடு கேட்டது. ஹெட்செட்டில்தான் முதல்முறையாக, காசு அதிகமில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கேட்ட இடத்திலிருந்தே திரும்பப் பேச முடிகிறது.

இந்த வரலாற்றிலிருந்து வாங்கும் கணக்கு தானாக வருகிறது. மைக் வாய்க்கு அருகில், நீண்ட தண்டில் இருக்க வேண்டும். முன்னால் வரும் ஒலியை மட்டும் எடுக்கும் ஒருதிசை மைக்காக இருந்தால் நல்லது. தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், பின்னணியிலுள்ள தறி அப்படியே இருக்கும். ஓரடியிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்கு மைக் வந்தால், குரல் தறியைவிட எவ்வளவோ மேலே ஏறிவிடும். இதற்கு விலை கூடத் தேவையில்லை. 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் கண்டுபிடித்த எலெக்ட்ரெட் மைக், சில ரூபாய்க்குள் அடங்கும் துண்டு. விலை கூடிய ஹெட்செட்டுகள் பலவற்றிலும் அதே இனம்தான். காதுக் குமிழ் காதின் மேல் உட்காராமல் காதைச் சுற்றி மூட வேண்டும். பின்புறம் துளை இல்லாத மூடிய வகையாக இருக்க வேண்டும். திறந்த வகையில் இசை விரிவாகக் கேட்கும் என்பது உண்மை, அது அமைதியான அறைக்கு. தறி வீட்டில் திறந்த ஹெட்செட்டைப் போட்டால் தறியை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 என்று எல்லை சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். ஏற்கெனவே தறி தின்றுகொண்டிருக்கும் காதுக்கு மேலும் ஒரு சுமையை ஏற்றுவது கொடுமை. மூடிய குமிழ் வெளிச்சத்தத்தைத் தடுப்பதால் உள்ளே சின்ன ஒலியே போதும். குமிழின் மெத்தை ரெக்சினில் இருந்தால் இந்த வெயிலுக்கும் வியர்வைக்கும் ஓரிரு கோடையில் உரிந்து கன்னத்தில் கறுப்புத் துகளாக ஒட்டும்; துணி மெத்தை சத்தத்தைச் சற்றுக் குறைவாகத் தடுத்தாலும் வெயிலுக்கு மேல். கழற்றி மாற்றக்கூடிய மெத்தை, தனியாகக் கழற்றும் வயர், இரும்புத் தலைப்பட்டை ஆகிய மூன்றும் இருந்தால் பொருள் நாள்படும். பின்னையும் பார்க்க வேண்டும். பழைய மேசைக் கணினியில் பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு துளை இருக்கும். மடிக்கணினியில் ஒன்றே இருக்கும். இரட்டைப் பின் ஹெட்செட்டை அதில் நேராகச் செருகினால் சத்தம் வரும், மைக் போகாது. சின்ன இணைப்பு வயர் ஒன்று வேண்டும். யு.எஸ்.பி. வகையில் இந்தத் தொல்லை இல்லை. 1997-இல் சென்னையில் தொடங்கிய செப்ரானிக்ஸ் உட்பட, இந்த விலைக்குள் இவற்றில் பலவற்றைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாஸை ஏன் தள்ளுகிறேன் என்றால், நம் மொழியே அதற்குக் காரணம். பட்டு, தட்டு, கட்டு, மட்டு என்ற சொற்களுக்கிடையே மாறுவது முதல் மெய் மட்டுமே. வல்லினங்களைப் பிரித்துக் காட்டும் அந்தச் சிறு வெடிப்பின் அடையாளம் பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. கீழ்ப்பகுதியை ஊதிவிட்ட ஹெட்செட்டில் உயிரெழுத்து கனமாக ஒலிக்கும், மெய்யெழுத்து மங்கும். ஆட்டத்திலும் எதிரியின் காலடி, கதவு, துப்பாக்கியின் சொடுக்கு எல்லாம் நடுப்பகுதியிலும் அதற்கு மேலும் உள்ளவை. குழாய்க்குத் தெரிந்த இந்த உண்மை பெட்டியின் விளம்பரத்துக்குத் தெரியவில்லை. 7.1-க்கும் இதே பதில். ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுக்கும் இடையே வரும் நேர வேறுபாட்டாலும் அளவு வேறுபாட்டாலும் மூளை கணிக்கிறது; ராலே பிரபு 1907-இல் விளக்கியது இது. அந்த நேர வேறுபாடு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. இரண்டு காதுக்கு இரண்டு ஸ்பீக்கர் சரியாக வேலை செய்தால் திசை கிடைத்துவிடும். மலிவான ஹெட்செட்டின் 7.1 என்பது அநேகமாக மென்பொருள் செய்யும் கலவை. அந்த வசதி விண்டோஸிலேயே 2017 முதல் இலவசமாக இருக்கிறது. அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மறுப்புகள் இருக்கின்றன, அவற்றில் சில கனமானவை. மைக் எப்படி இருந்தால் என்ன, பின்னணி இரைச்சலைக் கழிக்க மென்பொருள் வந்துவிட்டதே என்பது ஒன்று. டிஸ்கார்ட் 2020-இல் அப்படி ஒன்றைச் சேர்த்தது உண்மை, அது நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் கழிக்கும் முன் குரலும் தறியும் ஒரே உயரத்தில் வந்து சேர்ந்தால், தறியோடு சேர்ந்து மெய்யெழுத்தும் வெட்டுப்படும். வாயருகில் மைக் வைத்துக் குரலை முதலில் உயர்த்திக் கொடுத்தால்தான் மென்பொருளுக்கும் பிடிமானம் கிடைக்கும். போனோடு வாங்கிய இயர்போன் போதாதா என்பது இன்னொன்று. தறி இல்லாத வீட்டில், ராத்திரி அமைதியில் ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் போதும். அவர் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். நெஞ்சில் தொங்கும் மைக் உராய்வதும், காதுக்குள் செருகும் முனை மணிக்கணக்கில் வலிப்பதும்தான் அதன் குறை. நெசவுத் தெருவில் இருப்பவருக்கு அது போதாது.

இவற்றைவிடப் பெரிய மறுப்பு, ஊரோடு கேட்டவர்களை ஹெட்செட் தனித்தனியாகப் பிரித்துவிட்டது என்பது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சாயத்து ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு ஒரு அழகு இருந்தது. அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். திண்ணை ஆண்களுடையது, பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே காற்றில் வந்ததைக் கேட்டார்கள். ரேடியோ அறை எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருக்காரர்களே அதன் முள்ளைத் திருப்பினார்கள். எந்தத் தெருவைப் பார்த்துக் குழாய் கட்டுவது, எந்தப் பாட்டைப் போடுவது என்பதில் தென்மாவட்டங்களில் மண்டை உடைந்திருக்கிறது. பொதுவில் கேட்டது எல்லாருக்கும் சமமாக இருந்ததாகச் சொல்வது வரலாறாகாது. இன்றைக்கு அந்தத் தெருக்களிலிருந்து ஒரு பெண்பிள்ளை, தன் முகத்தையும் ஊரையும் காட்டாமல், தன் குரலை மட்டும் கொண்டு நான்கு பேர் குழுவை வழிநடத்த முடிகிறது. காது மூடியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு அவள் வாய் திறந்திருப்பது தெரிவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிற வயதில் மணிக்கணக்கில் ஆடுவதும், காசு வைத்து ஆடுவதும் வீடுகளைச் சீரழித்திருக்கின்றன. அந்தக் கவலை நியாயமானது. அதற்கு மருந்து நேரக் கட்டுப்பாடும் வீட்டில் பேச்சும்தான். மோசமான ஹெட்செட் அல்ல. மோசமான ஹெட்செட் ஆட்டத்தைக் குறைப்பதில்லை, காதை மட்டும் கெடுக்கும்.

விலை குறைந்தது என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணம் கடைசியாக நிற்கிறது. பாலியெஸ்டர் சவ்வு, சிறு காந்தம், எலெக்ட்ரெட் மைக் என்று ஹெட்செட்டின் உயிரான பாகங்கள் எல்லாமே அரை நூற்றாண்டில் மலிந்துவிட்டவை. இரண்டாயிரம் ரூபாய்க்கும் எட்டாயிரம் ரூபாய்க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு கட்டுமானத்திலும் வயர் இல்லாத வசதியிலும் விளக்கிலும் பெயரிலும் இருக்கிறது. விளக்கு எரியாத, வயர் உள்ள ஒன்று கரிசலுக்குப் பொருத்தம்: சார்ஜ் தீராது, குரல் தாமதமாக வராது, பின்னுக்குப் பக்கத்தில் வயர் விட்டுப்போனால் செல்போன் சர்வீஸ் கடையில் பற்றவைத்துக் கொடுப்பார்கள். ரேடியோ ரிப்பேர் கடைகள் மூடிய இடத்தில் வந்தவை அவை. வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப நாள் இருக்கும்போதே ஒன்று செய்து பார்க்கலாம். தறி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினியை இயக்கி, பதிவுக் கருவியைத் திறந்து, சாதாரணக் குரலில் பட்டு, தட்டு, கட்டு, மட்டு என்று சொல்லி, பிறகு போட்டுக் கேட்க வேண்டும். நான்கும் நான்கு சொல்லாகக் கேட்டால் வைத்துக்கொள்ளலாம்.